புதுப்பிப்பு: ஜீப் ராங்ளர் டிஜே, பின் ஆக்சில் டானா 35க்குப் பதில் டானா 44

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. என் ஜீப்பில் 33 அங்குலப் பெரிய டயர் போட்டபின், அதிலிருந்த டானா 35 பின் ஆக்சில் தாங்குமா, வேறு ஆக்சில் மாற்றலாமா என்று கேட்டிருந்தேன். மாற்றியாச்சு.

ஃபோர்டு வண்டிகளின் 8.8 ஆக்சிலைப் போடச் சொன்னவர்கள் சொன்னதும் சரிதான், ஷாஃப்ட் முனையில் 31 ஸ்பிளைன் (பற்கள்), நல்ல பலம். ஆனால் சஸ்பென்ஷனைப் பிடிக்கும் பிராக்கெட் எல்லாம் அறுத்துப் புதிதாக வெல்டிங் செய்யணும். சிங்கப்பூர்க் கூலிக்கு அது கட்டுப்படியாகாது. "டிஜேக்கே வந்த டானா 44ஐத் தேடுங்கண்ணே" என்ற தம்பியின் யோசனைதான் கைகொடுத்தது. கன்ட்ரோல் ஆர்ம், ஸ்பிரிங் எல்லாம் பழைய இடத்திலேயே உட்கார்ந்தன. ரிம்மும் மாற்றவில்லை. ஆக்சில் ஷாஃப்ட் 27க்குப் பதில் 30 ஸ்பிளைன். எல்டிஏ (நிலப் போக்குவரத்து ஆணையம்) அனுமதி பற்றிக் காக்கி புக்கிட் பட்டறைக்காரரே முன்கூட்டி விசாரித்துக்கொண்டார்.

வாங்கும்போது ஆக்சிலின் கியர் விகிதத்தைப் பாருங்கள். என் முன் ஆக்சில் 3.73, பின்னாலும் அதேதான் வேண்டும். வேறாக இருந்தால் ஃபோர் வீல் போட்டதும், முன்னுக்கும் பின்னுக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ்தான் அடி வாங்கும்.

எதிர்பாராதது, டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து பின் ஆக்சிலுக்கு விசை கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட். டானா 44இல் அந்த ஷாஃப்ட் மாட்டும் பினியன் கொஞ்சம் முன்னே நீண்டிருக்கிறது. பழைய ஷாஃப்டை மாட்டினால், அது நீண்டு சுருங்க உதவும் ஸ்லிப் ஜாயின்ட் கிட்டத்தட்ட முழுசும் உள்ளே போய்விட்டது, சஸ்பென்ஷன் அசைய இடமே இல்லை. வெட்டிச் சுருக்கி பேலன்ஸ் செய்தோம். இந்தச் செலவையும் கணக்கில் வையுங்கள்.

அப்புறம், மாடிக் கார்நிறுத்தத்தில் திரும்பும்போது பின்னால் கடகடவென்று அதிர்ந்தது. உள்ளே டிராக்-லாக் (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் கட்டுப்படுத்தும் கிளட்ச் அமைப்பு) இருக்கிறது; கியர் ஆயிலோடு அதற்கான ஃபிரிக்‌ஷன் மாடிஃபையர் திரவம் ஊற்றியதும் நின்றது. ஜோகூர் செம்பனைத் தோட்டச் சேற்றில் ஓட்டிப் பார்த்தேன், கசிவு இல்லை.