இட்டேரியில் ஓட்ட ஒரு வண்டி: முதல் ஆயிரம் கிலோமீட்டர்

ராசிபுரத்தான்

ஹீரோ கம்பெனியோட எக்ஸ்பல்ஸ் 200 4வி பைக் எடுத்து ஆறு வாரம் ஆச்சு. மீட்டர் 1,140ஐக் காட்டுது. கேக்கறவங்களுக்கெல்லாம் தனித்தனியா சொல்லி வாய் வலிக்குது, அதனால ஒரே இடத்துல எழுதிடறேன்.

முதல்லயே சொல்லிடறேன், நான் லடாக் போறதுக்கு இந்த வண்டி எடுக்கல. எங்க தோட்டத்துக்கு மெயின் ரோட்டுல இருந்து ரெண்டேகால் கிலோமீட்டர் இட்டேரி. ரெண்டு பக்கமும் கிளுவை வேலி. தடத்துல டிராக்டர் டயர் அறுத்த ரெண்டு பள்ளம், நடுவுல மாட்டு முதுகாட்டம் ஒரு மேடு. மழை பேஞ்சா களி. வெயில் அடிச்சா அந்தக் களியே காஞ்சு கல்லாயிடும். பன்னெண்டு வருசமா அதுல ஒரு 125 சிசி வண்டிய ஓட்டினேன். ரெண்டு தடவை ஃபோர்க் ஆயில் சீல் மாத்தியாச்சு. சைலன்சர் கல்லுல தேய்ஞ்சு தேய்ஞ்சு அடிப்பக்கம் வெள்ளி மாதிரி மின்னும். அதுக்குத்தான் தரையில இருந்து 220 மில்லிமீட்டர் தூக்கி நிக்கற வண்டியா பாத்தேன். இதே வண்டியில எக்ஸ்பல்ஸ் 210 வந்திருச்சே, தண்ணி கூலிங், ஆறு கியர், அத எடுத்திருக்கலாமேன்னு பாதிப்பேர் கேக்கறாங்க. எடுத்திருக்கலாம். பட்ஜெட் இல்ல, அவ்வளவுதான்.

எனக்கு உயரம் அஞ்சடி அஞ்சு. சீட்டு உயரம் 825 மில்லிமீட்டர். பேப்பர்ல படிக்கறப்ப இது வெறும் நம்பர். ஷோரூம் வாசல்ல ஏறி உக்காந்தப்பதான் ரெண்டு காலும் நுனி விரல்ல நிக்குதுன்னு புரிஞ்சுது. சீட்டு அகலம் கம்மிங்கறதால கொஞ்சம் தப்பிச்சேன். அங்கிருந்து நேரா நாமக்கல் ஆஞ்சநேயர் கோயில். பூசை போட்டு, எலுமிச்சம்பழத்த நசுக்கி, மாலையோட பத்தடி வந்து நிறுத்தறேன், இடது கால் ஊனற இடத்துல ரோடு பள்ளம். கால் காத்துல. வண்டி மெதுவா சாயுது. எடை 160 கிலோவுக்குக் கொஞ்சம் கம்மிதான், ஆனா சாய ஆரம்பிச்சா யாரால புடிக்க முடியும்? பக்கத்துல இருந்த பூக்காரம்மா கூடைய விட்டுட்டு ஓடியாந்து ஹேண்டில் பாரைப் புடிச்சாங்க. "பாத்து கண்ணு, பூசை போட்ட வண்டிய அதுக்குள்ள படுக்க வெக்காதீங்க"ன்னு சொன்னாங்களே, காது சிவந்து போச்சு.

முதல் வாரம் பூரா இந்தப் பயம்தான். சிக்னல் வந்தா பயம், வேகத்தடை வந்தா பயம், பெட்ரோல் பங்க்ல சரிவா இருந்தா பயம். ரெண்டு காலையும் ஊனணும்னு நெனைக்கறதுதான் தப்புன்னு அப்புறம் புரிஞ்சுது. இடுப்ப லேசா இடது பக்கம் நகத்தி ஒரு கால முழுசா ஊனினா போதும், வலது கால் பிரேக்கு மேலயே இருக்கட்டும். இப்ப நிறுத்தறதுக்கு முந்தியே ரோட்டுல மேட்டுப் பக்கம் எதுன்னு கண்ணு தானா தேடுது.

இன்னொன்னு முன் பிரேக். முன்னாடி ஷாக்கப்சர் 190 மில்லிமீட்டர் இறங்கி ஏறும். பழைய வண்டி ஞாபகத்துல வெடுக்குன்னு புடிச்சா மூக்கு தரையப் பாத்துக் குனியுது. கெடுதல் இல்ல, ஆனா முதல் தடவை வயித்தக் கலக்கும். ரெண்டு விரல்ல மெதுவா ஆரம்பிச்சு அழுத்தினா சரியாயிடுது.

இனி இட்டேரிக்கு வரேன். ரெண்டாவது கியர், ஃபுட்ரெஸ்ட்ல எந்திருச்சு நின்னு, முட்டியில டேங்க லேசா அணைச்சுகிட்டுப் போனா, 21 இஞ்ச் முன்சக்கரம் அந்தப் பள்ளத்தையெல்லாம் கணக்குலயே எடுக்கல. பெரிய சக்கரம் கல்லுல முட்டி நிக்காம மேல ஏறிடுது. பழைய வண்டியில பத்து, பன்னெண்டுல தவழ்ந்த தடம், இப்ப இருபத்தஞ்சு சர்வ சாதாரணம். ஆனா எனக்குப் புடிச்சது வேகம் இல்ல. நின்னு ஓட்டறப்ப தலை வேலிக்கு மேல போயிடுது! பன்னெண்டு வருசமா கிளுவைய மட்டுமே பாத்துட்டுப் போன தடத்துல, அந்தப் பக்கம் பெரியப்பா காட்டுல மரவள்ளி எந்த உயரம், எந்தப் பாத்தியில தண்ணி நிக்குது, எல்லாம் தெரியுது. முதல் நாள் அவரு மம்முட்டியோட நிமிந்து பாத்துட்டுக் கேட்டாரு: "ஏன்டா சாமி நின்னுட்டே போற, சீட்டு சூடா?"

நாலுவழிச் சாலையப் பத்தி எழுத ரொம்ப இல்ல. 199.6 சிசி, 19.1 பிஎஸ், அஞ்சு கியர். சேலம் ரோட்டுல எண்பதுல நிம்மதியாப் போகுது. அதுக்கு மேல அவசரம்னா பஸ்ஸுல போறது நல்லது. மைலேஜ் என் கையில 39. கொல்லிமலை 70 கொண்டை ஊசி வளைவும் ஒரு தடவை ஏறி இறங்கியாச்சு. வளைவுல பஸ் எதிர்ல வந்தப்ப, உயரமா உக்காந்திருக்கறதால முன்னாடியே தெரிஞ்சுது, ஒதுங்கினேன்.

இப்ப நான் பண்ணின முட்டாள்தனம். மோகனூர்ப் பக்கம் காவிரியில மணல்ல ஓட்டிப் பாக்கலாம்னு கூட்டாளி ஒருத்தன் கூப்பிட்டான். மணலுக்குக் காத்த எறக்கணும்னு படிச்சிருந்தேன். காத்து முன்னால 18 பிஎஸ்ஐ, பின்னால 20 வெச்சு எறங்கினேன். ரெண்டு தடவை விழுந்தேன். ரெண்டுமே பயந்து ஆக்சிலேட்டர விட்டதாலதான். விட்டதும் முன்சக்கரம் கலப்பை மாதிரி உள்ள இறங்கிடுது. எடைய பின்னால தள்ளி, தூரத்துல பாத்து, விடாம முறுக்கிட்டே இருந்தா வண்டி மீன் மாதிரி நெளிஞ்சாலும் போயிடுது. ஒரு மணி நேரத்துல ஓரளவு கை வந்துச்சு. சந்தோசத்துல வீட்டுக்கு வந்து தூங்கிட்டேன். காத்து அடிக்கல.

மறுநாள் காலையில அதே இட்டேரி, அதே வேகம். தடத்துல முட்டிகிட்டு நிக்கற ஒரு வெள்ளைக்கல்லு. டங்குன்னு ஒரு சத்தம், நூறடியில முன்னால புஸ்ஸு. மெயின் ரோடு வரைக்கும் தள்ளி, கூட்டாளியோட மினி டெம்போவுல ஏத்தி, ஆண்டகளூர் கேட் பக்கம் லாரிக்குப் பாக்கற பஞ்சர் கடைக்குப் போனேன். கடைக்காரர் சக்கரத்தக் கழட்டி நிமித்தி வெச்சுட்டு, "என்ன சாமி, மாட்டு வண்டிச் சக்கரமாட்டம் இருக்குது"ன்னு சிரிச்சாரு. சோப்புத் தண்ணி தடவி, ரெண்டு லிவர் போட்டு, ரிம்முல ஒரு கீறல் இல்லாம டயர ஒரு பக்கம் எறக்கினாரு. டியூப தொட்டித் தண்ணியில அழுத்தினதும் பக்கத்துப் பக்கத்துல ரெண்டு சரம் குமிழி. பாம்பு கடிச்ச மாதிரி ரெண்டே ஓட்டை. நான் எதுவும் சொல்லல. அவரே சொன்னாரு: "ஆணி குத்தலீங்க. காத்து கம்மியா வெச்சு கல்லு மேல உட்டிருக்கீங்க. கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவுல டியூப்பு மாட்டிகிச்சு." ரெண்டு ஓட்டைக்கும் சேத்து ஒரே ஒட்டு. இதே காத்தடிக்கற வாய் கிட்ட டியூப் கிழிஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்பீங்கன்னு கேட்டேன். சுவத்துல தொங்கற டியூபையெல்லாம் கண்ணால ஒரு சுத்து சுத்திட்டு, "இந்த சைஸ் இங்க எந்தக் கடையிலயும் இருக்காது"ன்னாரு.

கேக்கணும்னு நெனச்சது இதுதான். டியூப் விசயத்துல நீங்கெல்லாம் என்ன பண்றீங்க?

பொள்ளாச்சி 450

நான் ஓட்டுவது ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450. டியூப் இல்லாத ஸ்போக் ரிம் ஆப்ஷன்ல எடுத்தேன், அதனால உங்க கவலை எனக்கு இல்லை. சாதாரண ஸ்போக் ரிம்மில் ஒவ்வொரு கம்பிக்கும் ரிம்மைத் துளை போட்டிருப்பதால் காத்து நிற்காது, அதற்குத்தான் டியூப். இதில் கம்பி மாட்டுகிற இடமே வேற.

எனக்கு வேற கவலை: 196 கிலோ. வால்பாறை ரோட்டில் ஒன்பதாவது வளைவுக்கிட்ட போட்டோ எடுக்க ஓரம் கட்டினேன், சரளையில் கால் வழுக்கி வண்டி படுத்தது. ஆள் நடமாட்டமே இல்லை. முன்னால் நின்று தூக்கப் பார்த்து இடுப்பு பிடித்ததுதான் மிச்சம். அப்புறம் வந்த டீ எஸ்டேட் ஜீப் டிரைவர் சொல்லிக் கொடுத்தார். ஹேண்டில் பாரைக் கீழ்ப்பக்கமா முழுசா திருப்பி, சீட்டுக்கு முதுகு காட்டிக் குந்தி உட்கார்ந்து, ஒரு கையில் ஹேண்டில், ஒரு கையில் பின்னால் கம்பி, அப்படியே பின்னோக்கி நடக்கணும். காலால் தூக்கணும், முதுகால் இல்லை. வலது பக்கம் விழுந்திருந்தா தூக்குவதற்கு முன்னாடியே சைடு ஸ்டாண்டைப் போட்டுடுங்க. இல்லைன்னா நிமிர்த்தின வேகத்தில் அந்தப் பக்கம் விழும். எனக்கு அதுவும் நடந்தது.

காங்கேயம் சந்தை

தப்பா நெனைக்காதீங்க. ரெண்டேகால் கிலோமீட்டர் இட்டேரிக்கு ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல் மொபெட் போதுமே? ரெண்டு தவிட்டு மூட்டை, முன்னால ஒரு பால் கேன், அதுக்கு மேல எங்க அப்பா. முப்பது வருசமா அதே தடம். எந்தப் பஞ்சர் கடையிலயும் டியூப் கிடைக்கும்.

ராசிபுரத்தான்

எங்க அப்பாவும் இதையேதான் சொன்னாருங்க. பதில் இல்ல.

நாகர்கோவில் டீச்சர்

எனக்கு அஞ்சடி ரெண்டு. இதே வண்டிதான், எட்டு மாசமா ஓட்டுறேன். உயரத்தைப் பத்தி நான் சொன்னா கேப்பீங்கன்னு நினைக்கிறேன்.

எடுத்த புதுசுல எல்லாரும் சீட்டை வெட்டு, ஃபோம் குறைன்னு சொன்னாங்க. வெட்டினேன். உயரம் குறைஞ்சுது, அரை மணி நேரத்துல இடுப்பு எலும்பு பேச ஆரம்பிச்சுது. மறுபடி ஃபோம் வச்சு தச்சேன், ரெண்டு செலவு. அப்புறம் செஞ்சது ரெண்டே காரியம். பின் ஷாக்கப்சர் ஸ்பிரிங்கை என் எடைக்குத் தக்கன தளர்த்தினேன், உக்காந்ததும் கொஞ்சம் கூடுதலா அமருது. அடிப்பாகம் தடிச்ச ஷூ வாங்கினேன். மிச்சம் எல்லாம் பழக்கம். ஆள் இல்லாத மைதானத்துல ஞாயித்துக்கிழமை காலையில ஏறு, நிறுத்து, இறங்குன்னு நூறு தடவை செஞ்சேன்.

ஒரு தடவை ஸ்கூல் கேட்டுக்கு முன்னால வேகத்தடையில வண்டி ஆஃப் ஆகி, ஒன்பதாம் வகுப்பு மொத்தமும் பாக்க விழுந்தேன். அன்னைக்கு வகுப்புல ஒருத்தரும் சத்தம் போடல, அத்தனை மரியாதை. பெட்ரோல் போடுற இடத்துல "அண்ணன் வண்டியா?"ன்னு கேக்குறது மட்டும் இன்னும் நிக்கல. "ஆமா, அண்ணனுக்கு ஓட்டத் தெரியாது"ன்னு சொல்லிப் பழகிட்டேன்.

பழைய இம்பல்ஸ், மதுரை

2011ல் இதே கம்பெனி 150 சிசியில இம்பல்ஸ்னு ஒன்னு விட்டுச்சு. நான் 2012ல எடுத்தேன், இன்னும் வச்சிருக்கேன். அப்ப ஊருக்குள்ள போனா சர்க்கஸ் வண்டி மாதிரி பாப்பாங்க. வித்தது கம்மி, நிறுத்திட்டாங்க. இப்ப நீங்கள்லாம் அதே மாதிரி வண்டிக்கு வரிசையில நிக்கிறத பாத்தா சிரிப்பா வருது.

டியூப் கேள்விக்கு வரேன் தம்பி. முன்னுக்கு ஒன்னு, பின்னுக்கு ஒன்னுன்னு ரெண்டு சுமக்காதீங்க. 21 இஞ்ச் மட்டும் வச்சுக்கங்க. பின்னாடி 18 இஞ்ச் சக்கரத்துல பஞ்சர் ஆனா, அவசரத்துக்கு அதையே கொஞ்சம் மடிச்சு உள்ள வச்சு வீடு வந்து சேந்திரலாம். 18 டியூப இழுத்து 21ல போட்டா தாங்காது. மெதுவா ஓட்டணும், வந்ததும் மாத்திரணும். கூட ரெண்டு லிவர், ஒரு கைப்பம்பு, காத்து பாக்குற கேஜ். மணல்ல ஏறுறதுக்கு முன்னாடி காத்த எறக்கத் தெரிஞ்சவன் வெளிய வந்ததும் அடிக்கத் தெரிஞ்சிருக்கணும், இல்லையா?

இன்னொரு விசயம். பிரேக் புடிக்கிறப்ப சக்கரம் பூட்டிக்காம பாத்துக்குற ஏபிஎஸ், உங்க வண்டியில முன்சக்கரத்துக்கு மட்டும்தான். பின் பிரேக்க மிதிச்சா பூட்டிக்கும். மண்ணுல அது வசதி, மழை ரோட்டுல வம்பு. ராலி மோடு இருக்கிற மாடல்னா அதுல முன்னாடியும் ஏபிஎஸ் இருக்காது. மண்ணுல ஓட்டிட்டு அப்படியே தார் ரோட்டுக்கு வந்துராதீங்க, மோட மாத்துங்க.

வீடியோவப் பாத்துட்டு காப்புக்காட்டுக்குள்ள வண்டிய விடுற பசங்க பெருகிட்டானுக. அனுமதியில்லாம நுழைஞ்சா வனத்துறை கேஸ் போடும், வண்டியும் போகும். உங்களுக்கு இட்டேரி இருக்கு, அது போதும்.

பொள்ளாச்சி 450

18ல் 21 டியூப் மடித்துப் போடுவது எனக்குப் புதுசு. குறித்துக்கொண்டேன், கூட வருகிற நண்பர்களுக்கு ஆகும்.

ராசிபுரத்தான்

இம்பல்ஸ் அண்ணா, நன்றி. சேலத்துல ரெண்டு 21 டியூப் வாங்கிட்டேன். ஒன்னு சீட்டுக்குப் பின்னால கட்டியிருக்கேன். இன்னொன்ன அந்த ஆண்டகளூர் கேட் கடைக்காரர்கிட்டயே கொடுத்து வெச்சிருக்கேன். "விக்காதீங்க, என்னுது"ன்னு சொன்னேன். "இத எவன் வாங்குவான் சாமி"ன்னுட்டு லாரி டியூபுக்கு நடுவுல ஆணியில மாட்டிட்டாரு. நேத்து அந்த வழியா போனப்ப பாத்தேன், அங்கேயேதான் தொங்குது.

டீச்சர், ஸ்பிரிங் தளர்த்தினேன். இப்ப குதிகால் தரையத் தொட ஒரு விரக்கடைதான் பாக்கி.