ஹேண்ட்கார்டு அசையாமல் நிற்க: பட்டுத் தெரிந்துகொண்டவை

ரைஃபிள் குழலைச் சுற்றியிருக்கும் ஹேண்ட்கார்டு கை சுடாமல் பிடித்துக்கொள்ளத்தான் என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன். ஏஆர்-15 வகை ரைஃபிளுக்கு ஒன்றை வடிவமைக்கும் வேலை வந்தபோதுதான் அதில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தது. குழலை எங்கும் தொடாமல், பின்முனையில் பேரல் நட்டை, அதாவது குழலைத் துப்பாக்கி உடலோடு இணைக்கும் நட்டை, மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கும் வகை அது. எஃகு பேரல் நட்டின் வெளிப்புறத்தை வழுவழுப்பாகக் கடைந்து, அதன்மேல் அலுமினியக் குழாயை நுழைத்து, அடிப்பக்கம் ஒரு பிளவு விட்டு, இரண்டு ஸ்க்ரூ போட்டு இறுக்கினேன். மேசையில் வைத்து முறுக்கியபோது துளியும் அசையவில்லை.

சுடுதளத்தில் கதை வேறு. முன்முனையில் ஒரு லேசர் பொருத்தியிருந்தோம். தொடர்ந்து சுட்டு, நிறுத்தி, சில நிமிடம் கழித்து மறுபடி பார்த்தால் புள்ளி வேறு இடத்தில் இருந்தது. லேசர்தான் கெட்டுவிட்டது என்று மாற்றிக்கூடப் பார்த்தோம். அதுவும் அதே மாதிரி விலகியது.

அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். என் கவ்வும் நீளம் 25 மில்லிமீட்டர். அந்த நீளத்துக்குள் 0.05 மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தாலே 100 மீட்டரில் புள்ளி 20 சென்டிமீட்டர் தள்ளிப்போகும். அந்த ஆட்டம் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் சூட்டிலிருந்து. ஒரு டிகிரி சூடேறினால் அலுமினியம் மீட்டருக்குச் சுமார் 23 மைக்ரான் விரியும், எஃகு சுமார் 12 தான். 35 மில்லிமீட்டர் விட்டத்தில் இரண்டும் 100 டிகிரி ஏறினால், வெளியே இருக்கும் அலுமினியம் உள்ளே இருக்கும் எஃகைவிடக் கிட்டத்தட்ட 0.04 மில்லிமீட்டர் அதிகமாக விரிந்துவிடும். சுடும்போது முதலில் சூடாவது உள்ளே இருக்கும் நட், அதனால் பிடி இறுகித்தான் இருக்கிறது. நிறுத்திய பிறகு சூடு வெளியே பரவி அலுமினியத்துக்கு வந்ததும் பிடி தளர்கிறது. எங்கள் லேசர் விலகிய நேரமும் அதுதான்.

நான் செய்த தப்பு, ஸ்க்ரூவை இன்னும் இறுக்கியது. அலுமினியத்தில் வெட்டிய மரை போய்விட்டது. போல்ட் கழல்வதற்கு முக்கியக் காரணம் நீளவாக்கில் வரும் இழுப்பைவிடக் குறுக்காக வரும் அசைவு என்று ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969-லேயே சோதனையில் காட்டியிருக்கிறார். ஒவ்வொரு தோட்டாவுக்கும் என் ஸ்க்ரூ வாங்கிய அடி அந்த ரகம்தான். உராய்வை மட்டும் நம்பி எல்லாச் சுமையையும் இரண்டு ஸ்க்ரூவின் தலையில் வைத்தது அடிப்படையிலேயே தவறு.

இரண்டாவது வடிவத்தில் வேலையைப் பிரித்துக் கொடுத்தேன். சுழலாமல் தடுக்க, ரிசீவரின் (துப்பாக்கியின் நடு உடல்) மேல் ரயிலின், அதாவது துணைக்கருவி மாட்டும் பட்டையின், இரு பக்கமும் அணைத்து நிற்கும் இரண்டு காதுகள். முன்னால் நழுவாமல் தடுக்க, நட்டில் ஒரு பள்ளம். குறுக்கு போல்ட் அந்தப் பள்ளத்தின் வழியாகவே போகும். கவ்வும் நீளம் 50 மில்லிமீட்டர். மரை அலுமினியத்தில் வேண்டாம் என்று தனி எஃகுத் துண்டில் வெட்டினேன். ஸ்க்ரூவுக்கு மிஞ்சியது சேர்த்துப் பிடிக்கும் வேலை மட்டும். லேசர் விலகல் நின்றது.

* * *

மேலே எழுதிய நண்பர் சொன்னதற்குக் கீழே இன்னொரு அடுக்கு இருக்கிறது. நான் பழுதுபார்க்கும் பக்கத்தில் இருப்பவன். ஹேண்ட்கார்டு ஆடுகிறது என்று ஒரு ரைஃபிள் வந்தது. சொந்தக்காரர் கிளாம்ப் ஸ்க்ரூவை மூன்று முறை இறுக்கிப் பார்த்துவிட்டாராம். வழக்கம்போல முதலில் மேகசினைக் கழற்றி, தோட்டா அறை காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்துகொண்டு பிரித்தேன். கிளாம்பில் குறையே இல்லை. உள்ளே பேரல் நட்டே தளர்ந்திருந்தது. மரையில் கிரீஸ் இல்லை, உலர்ந்த அலுமினியம் உராய்ந்து சொரசொரப்பாகிவிட்டது. உலர்ந்த மரையில், முறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் காட்டும் எண்ணை நம்பவே கூடாது. விசையின் பெரும்பகுதி உராய்விலேயே போய்விடும்.

இந்த வகையில் பேரல் நட்டுக்கான வழக்கமான அளவு 30 முதல் 80 அடி-பவுண்டு, அதாவது ஏறக்குறைய 41 முதல் 108 நியூட்டன் மீட்டர். இவ்வளவு அகலமாக விட்டிருப்பதற்குக் காரணம் உண்டு. பழைய பாணி நட்டில் கேஸ் டியூப் (குழலிலிருந்து வாயுவைப் பின்னால் கொண்டுவரும் மெல்லிய குழாய்) நட்டின் பற்களுக்கு நடுவே போக வேண்டும், அது நேராக வரும்வரை முறுக்க இடம் வேண்டும். மாலிப்டினம் கிரீஸ் தடவி, இறுக்கி, தளர்த்தி, மறுபடி இறுக்கி, மூன்றாவது முறைதான் கடைசி இறுக்கம். ரிசீவரை நேராக வைஸில் கவ்வி இதைச் செய்யாதீர்கள், மெல்லிய சுவர் நெளியும். அதற்கென்று உள்ளிருந்து பிடிக்கும் தாங்கி இருக்கிறது.

மரைப் பசை போடுபவர்கள் எண்ணெயை முழுக்கத் துடைக்காமல் போட்டுவிட்டு, பசை பிடிக்கவில்லை என்கிறார்கள். எண்ணெய் இருந்தால் பல பசைகள் சரியாகப் பிடிக்காது. எல்லாம் முடிந்ததும் ஸ்க்ரூ தலையிலிருந்து உடல்வரை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டுவிடுவேன். கோடு உடைந்திருந்தால் ஸ்க்ரூ திரும்பியிருக்கிறது.

* * *

நான் இலக்குச் சுடுதல் மட்டும்தான். என் பழைய ரைஃபிளில் ஹேண்ட்கார்டு குழலின் முன்பக்கம் ஒரு வளையத்தில் உட்கார்ந்திருக்கும். தோள்வாரை இறுக்கிப் பிடித்துச் சுட்டால் ஒரு இடம், மணல்மூட்டைமேல் வைத்துச் சுட்டால் வேறு இடம். ஒரு பருவம் முழுக்க என் மூச்சுதான் சரியில்லை என்று நினைத்துப் பயிற்சி செய்துகொண்டிருந்தேன். வார் இழுப்பது குழலையே வளைக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. குழலைத் தொடாத வகைக்கு மாறியதும் இரண்டு விதத்தில் சுட்ட குண்டுகளும் ஒரே இடத்தில் விழுந்தன.

ஹேண்ட்கார்டில் மாட்டும் துணைக்கருவி பற்றியும் ஒன்று. எம்-லாக், கீமாட் என்பவை ஹேண்ட்கார்டில் கருவி மாட்டும் இரண்டு முறைகள். இரண்டையும் அமெரிக்கக் கடற்படையின் கிரேன் மையம் ஒப்பிட்டுச் சோதித்த முடிவு 2017-இல் வெளிவந்தது. கருவியைக் கழற்றி மறுபடி மாட்டும்போது குறி விலகியது சராசரியாக எம்-லாக்கில் 1.3 எம்ஓஏ (ஒரு எம்ஓஏ என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு), கீமாட்டில் 4.9 எம்ஓஏ. 100 மீட்டரில் ஏறக்குறைய 4 சென்டிமீட்டருக்கும் 14 சென்டிமீட்டருக்கும் உள்ள வித்தியாசம் அது. அதைப் படித்த பிறகு, எதை மாட்டினாலும் குறியைச் சரிபார்க்காமல் நான் ஒரு சுற்றும் ஆரம்பிப்பதில்லை.