ஒடியா, இந்தி தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள்

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, வணக்கம்.

கங்கைகொண்டான் சிப்காட், கூடங்குளம் பக்கம் வேலைபார்க்கும் ஒடிசா, பீகார் தொழிலாளர்களோடு சேர்ந்து, அவர்கள் தங்குமிடம் பற்றி ஒரு பங்கேற்பு ஆய்வு செய்துவருகிறோம். என்ன கேட்பது என்பதையும் அவர்களே முடிவுசெய்ய வேண்டும், அதுதான் இதன் அடிப்படை. ஷிப்ட் மாறி மாறி வருவதால் எல்லாரையும் ஓரிடத்தில் உட்காரவைக்க முடியாது. அதனால் பயிலரங்கை வாட்ஸ்அப்பிலேயே நடத்துகிறோம்.

எழுத வராதவர்கள் வாய்ஸ் மெசேஜ் போடுகிறார்கள், சிலர் போட்டோ. ஒரு தம்பி அனுப்பிய படத்தில் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதைச் சுற்றித் தரையெல்லாம் சார்ஜ் ஏறும் போன்கள். பகல் ஷிப்ட்டுக்குப் போனவர் பாயில்தான் ராத்திரி ஷிப்ட் முடித்தவர் படுப்பாராம். காண்ட்ராக்டர் பக்கத்தில் நின்றால் இதையெல்லாம் வாய் திறந்து சொல்வார்களா?

சிக்கல் இதுதான்: குரூப்பில் எல்லார் நம்பரும் எல்லாருக்கும் தெரிகிறது. யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெளியே விட்டால் பேசியவர் வேலைக்கே உலை. பிராட்காஸ்ட் லிஸ்டில் பதில் எங்களுக்கு மட்டும் வரும். ஆனால் ஒருவர் சொன்னதைக் கேட்டு இன்னொருவர் பேசுவது நின்றுபோகும். அது இல்லாவிட்டால் வெறும் சர்வேதான். இப்படி நடத்திப் பார்த்தவர்கள் என்ன வழி கண்டீர்கள்?

வாய்ஸ் மெசேஜ்களைத் தமிழில் எழுதித்தர ஒடியா தெரிந்தவர்கள் அவசரமாகத் தேவை. இந்திக்கும் ஆள் வேண்டும். சும்மா கேட்கவில்லை, மணிக்கணக்கில் கூலி தருவோம். கேட்டதை வெளியே சொல்லாத ஆளாக இருக்க வேண்டும். பெண்கள் முன்வந்தால் ரொம்ப நல்லது, அங்குள்ள பெண் தொழிலாளர்கள் இன்னும் பேசத் தயங்குகிறார்கள். தனியே மெசேஜ் போடுங்கள்.