பழைய கணினியில் பெயர் தெரியாத பாகங்கள்: அடையாளம் கண்டவர்களின் அனுபவங்கள்

நிறுவனங்கள் கழித்துவிடும் கணினிகளை வாங்கி, ஊர்ப்புற நூலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் ஏற்றவாறு சீரமைத்துத் தரும் பணியில் சில ஆண்டுகளாக ஈடுபட்டிருக்கிறேன். இவை பெரும்பாலும் வெற்று டிஸ்க்குடன்தான் கைக்கு வரும். விண்டோஸை நிறுவி முடித்ததும், பாகங்களைப் பட்டியலிட்டுக் காட்டும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் வியப்புக்குறியோடு ‘அன்நோன் டிவைஸ்’ என்று சில வரிகள் நிற்கும். பாகத்தை இயக்கும் மென்பொருளான டிரைவர் இல்லை என்பதே அதன் பொருள். அவற்றைக் கண்டதும் பலர் ‘எல்லா டிரைவர்களையும் தானே தேடித் தரும்’ என்று விளம்பரப்படுத்தப்படும் ஏதாவது ஒரு மென்பொருளை இறக்கி நிறுவிவிடுகிறார்கள். அதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஒவ்வொரு பாகமும் தன் அடையாள எண்ணைத் தானே சொல்கிறது. அதைப் படிக்கக் கற்றுக்கொண்டால் ஊகத்துக்கே இடமில்லை.

2012இல் வெளிவந்த லெனோவோ திங்க்பேட் டி430 மடிக்கணினி ஒன்றை எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். இணைய இணைப்பு இல்லாமல் விண்டோஸ் 10 நிறுவியபோது, ‘பிசிஐ சிம்பிள் கம்யூனிகேஷன்ஸ் கன்ட்ரோலர்’, ‘பிசிஐ சீரியல் போர்ட்’, ‘அன்நோன் டிவைஸ்’ ஆகிய வரிகள் மிஞ்சின. இத்தகைய வரியின் மீது வலச்சொடுக்கி, ‘பிராப்பர்ட்டீஸ்’ சாளரத்தில் ‘டீடெயில்ஸ்’ பகுதிக்குச் சென்று, ‘ஹார்ட்வேர் ஐடிஸ்’ என்பதைத் தேர்ந்தால் ஒரு நீண்ட சரம் தெரியும். அதில் ‘வென்’ என்பதை அடுத்து வரும் நான்கு குறிகள் சில்லைத் தயாரித்தவரையும், ‘டெவ்’ என்பதை அடுத்து வருபவை அந்தச் சில்லையும் குறிக்கும். தயாரிப்பாளர் எண்களில் சில அடிக்கடி வருவதால் மனத்தில் தங்கிவிடுகின்றன: 8086 என்றால் இன்டெல், 10இசி என்றால் ரியல்டெக், 10டிஇ என்றால் என்விடியா, 1002 என்றால் ஏடிஐ வழிவந்த ஏஎம்டி, 14இ4 என்றால் பிராட்காம். இன்டெல் தனக்கு 8086ஐ எடுத்துக்கொண்டது தற்செயலாக இராது. 1978இல் அது வெளியிட்ட புகழ்பெற்ற செயலியின் எண் அதுதான்.

என் கணினியில் முதல் வரிக்கு 8086, 1இ3ஏ என்ற இணை கிடைத்தது. அது இன்டெல் மேனேஜ்மென்ட் எஞ்சின் இடைமுகம். சீரியல் போர்ட் என்று காட்டப்பட்டது 1இ3டி. நிறுவனங்களின் கணினிப் பிரிவினர் தொலைவிலிருந்து இயந்திரத்தை இயக்குவதற்கான பகுதி அது, பின்புறத்தில் தேடினாலும் அப்படியொரு துளை இருக்காது. மூன்றாவது வரியில் வென், டெவ் இரண்டுமே இல்லை. ‘ஏசிபிஐ’ என்று தொடங்கி ‘எல்இஎன்0068’ என்று முடிந்தது. இப்படி வந்தால் அது சில்லு நிறுவனத்தின் பொருளன்று, கணினியைச் செய்தவர் பயாஸில் (கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் உள்மென்பொருளில்) அறிவித்திருக்கும் ஒன்று என்று பொருள். இங்கே அது லெனோவோவின் மின்மேலாண்மை டிரைவருக்கு உரியது.

அதே மடிக்கணினியின் விரல்ரேகைக் கருவி யுஎஸ்பி வழியாக இணைந்திருந்ததால் அதன் சரத்தில் வென், டெவ் ஆகியவற்றுக்குப் பதிலாக ‘விஐடி’ 147இ, ‘பிஐடி’ 2020 என்று இருந்தது. 147இ என்பது யுபெக் நிறுவனத்துக்கு உரிய எண். அந்த நிறுவனம் 2010இல் ஆத்தென்டெக்குடன் இணைந்தது. ஆத்தென்டெக்கை 2012இல் ஆப்பிள் வாங்கிவிட்டது. ஆகவே சில்லைச் செய்தவரின் தளத்தில் டிரைவரைத் தேடுவது வீண் வேலை. மடிக்கணினியைச் செய்தவரின் ஆதரவுப் பக்கத்தில்தான் அது கிடைக்கும். உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

மறுமொழி

வணக்கம் ஐயா. அதே டி430இல் நான் வேறொன்றைச் சந்தித்தேன். முந்தைய உரிமையாளர் எடுத்துவிட்ட வைஃபை அட்டைக்குப் பதிலாக, என்னிடமிருந்த வேறொரு மடிக்கணினியின் அட்டையைப் பொருத்தினேன். கணினி விண்டோஸ் வரை செல்லவேயில்லை. ‘1802’ என்ற எண்ணுடன், அனுமதிக்கப்படாத நெட்வொர்க் அட்டை பொருத்தப்பட்டுள்ளது என்ற அறிவிப்பைக் காட்டி நின்றுவிட்டது. அட்டையில் பழுதில்லை. அந்தக் காலத்துத் திங்க்பேட்களின் பயாஸில் ஏற்கத்தக்க அட்டைகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது. அடையாள எண் அதில் இல்லாவிட்டால் கணினி தொடங்காது. லெனோவோவின் ‘எஃப்ஆர்யு’ எண் (மாற்றுப் பாக எண்) அச்சிட்ட அட்டையைத் தேடி வாங்கிப் பொருத்திய பிறகே இயங்கியது. டெல் பாகங்களில் பாக எண்ணைக் காட்டும் ‘டிபி/என்’ என்ற குறிப்பைப் பார்க்க வேண்டும். அதை அடுத்த தொடக்கச் சுழியத்தை விட்டுவிட்டு, பின்வரும் ஐந்து குறிகளைத் தேடினால் சரியான பாகம் கிடைக்கும்.

மறுமொழி

சென்னை ரிச்சி தெருவை ஒட்டிய பகுதியில் கணினிப் பழுதுநீக்கும் பணி செய்கிறேன். பாகம் தன் எண்ணைத் தானே சொல்கிறது என்று மேலே எழுதியிருப்பது உண்மைதான். ஆனால் அந்த எண்ணையே மாற்றி எழுத முடியும் என்பதையும் இங்கே பதிவு செய்வது என் கடமை என்று கருதுகிறேன்.

கல்லூரி மாணவர் ஒருவர், முகம் தெரியாத ஒருவரிடமிருந்து இணையவழியில் வாங்கிய கிராபிக்ஸ் கார்டுடன் வந்தார். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 4 ஜிபி என்று ஸ்டிக்கர் சொன்னது. விண்டோஸும் அதையே சொன்னது. என்விடியாவின் டிரைவரை நிறுவினால் மட்டும் திரை கறுத்துவிடும். கார்டைக் கையில் வாங்கியவுடனேயே எனக்கு ஐயம் எழுந்தது, ஏனென்றால் அதன் பின்புறத்தில் விஜிஏ துளை இருந்தது. 1050 டிஐ சார்ந்த பாஸ்கல் தலைமுறையில் என்விடியா விஜிஏவுக்குத் தேவையான அனலாக் வெளியீட்டையே நீக்கிவிட்டது. 2016 அக்டோபரில் வந்த அந்தக் கார்டில் அப்படியொரு துளை இருப்பதற்குக் காரணமே இல்லை.

ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டிப் பார்த்தோம். 2018இல் வந்த 2.12 பதிப்பிலிருந்து, பழைய சில்லுகளுக்குப் புதுப் பெயர் சூட்டிய என்விடியா கார்டுகளை அது கண்டுபிடித்து, பெயருக்கு முன்னால் ‘ஃபேக்’ என்று காட்டுகிறது. இதற்கும் காட்டியது. மாணவரின் ஒப்புதலுடன் சில்லின் மேலுள்ள, வெப்பத்தை வெளியேற்றும் ஹீட்சிங்கைக் கழற்றி, காய்ந்திருந்த பசையைத் துடைத்தபோது சில்லின் மேற்பரப்பில் ‘ஜிஎஃப்116’ என்று பொறிக்கப்பட்டிருந்தது. அது 2011ஆம் ஆண்டின் ஜிடிஎக்ஸ் 550 டிஐ கார்டுகளில் இருந்த சில்லு. உண்மையான 1050 டிஐ சில்லில் ‘ஜிபி107’ என்று இருக்க வேண்டும். அந்தக் கார்டில் இருந்த நினைவகமும் 1 ஜிபிதான். கார்டின் வீபயாஸை (கார்டுக்குள் இருக்கும் உள்மென்பொருளை) மாற்றி எழுதியவர்கள் பெயரையும் நினைவக அளவையும் சேர்த்தே மாற்றியிருந்தார்கள். உள்ள அளவைத் தாண்டித் தரவு சென்றதும் கணினி உறைந்துவிடும்.

அந்தப் பணத்தைச் சேர்க்க அவர் விடுமுறையெல்லாம் வேலை பார்த்திருந்தார். இதை விற்றவர்களை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. பழைய கிராபிக்ஸ் கார்டு வாங்குவோர் பின்புறத் துளைகளையும் மின்இணைப்பு முனையையும் அந்த மாதிரியின் அதிகாரபூர்வப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டே பணம் கொடுங்கள்.

மறுமொழி

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன், அண்ணா. ராம் பற்றி என்னுடைய அனுபவம் இது. இன்டெல் எச்61 மதர்போர்டு உள்ள மேசைக் கணினிக்கு, டிடிஆர்3 வகையில் 8 ஜிபி ராம் ஒன்றை மலிவாக வாங்கினேன். போட்டால் கணினி உயிர்பெறவில்லை. நண்பரின் ஏஎம்டி கணினியில் போட்டபோது மட்டும் முழு அளவும் தெரிந்தது.

விடை சில்லுகளின் மேல் இருந்தது. சாம்சங் சில்லுகளில் ‘கே4பி’ என்று தொடங்கினால் டிடிஆர்3, ‘கே4ஏ’ என்றால் டிடிஆர்4. அடுத்து வரும் ‘4ஜி’ சில்லின் கொள்ளளவு 4 கிகாபிட் என்கிறது. அதன் பின்னாலுள்ள இரண்டு இலக்கங்கள் ஒரு சில்லு ஒரே நேரத்தில் எத்தனை பிட் தருகிறது என்பதைச் சொல்கின்றன: 08 என்றால் எட்டு, 04 என்றால் நான்கு. நான் வாங்கியதில் இருந்தது 04. இன்டெலின் சாதாரண மேசைக் கணினிச் செயலிகள் இத்தகைய நான்கு பிட் சில்லுகளை ஏற்பதில்லை. எட்டும் பதினாறும்தான் அவற்றுக்கு ஒத்துவரும். ஸ்டிக்கரில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கொள்ளளவையும் இதே குறியால் சரிபார்க்கலாம் (8 கிகாபிட் சேர்ந்தால் 1 ஜிபி): 4 கிகாபிட் சில்லு பதினாறு இருந்தால் 8 ஜிபி, 2 கிகாபிட் சில்லு பதினாறு இருந்தால் 4 ஜிபி, ஸ்டிக்கர் என்ன சொன்னாலும் சரி. மைக்ரான் சில்லுகளில் ‘டி9’ என்று தொடங்கும் ஐந்து குறிகளே இருக்கும். அவற்றின் விரிவை அந்நிறுவனத்தின் தளத்திலேயே பார்க்கலாம்.

மறுமொழி

ஹார்டு டிஸ்க் பற்றிச் சேர்த்துக்கொள்கிறேன். டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ‘ஸ்மார்ட்’ பதிவில் 9ஆவது பண்பு, டிஸ்க் மின்சாரத்தில் இருந்த மொத்த மணிநேரம். நான்கு ஆண்டுகள் இடைவிடாமல் ஓடிய டிஸ்க்கில் அது 35,000ஐத் தாண்டியிருக்கும். ஆனால் இதையும் அழித்துச் சுழியமாக்கி விற்பவர்கள் இருக்கிறார்கள். 2025 தொடக்கத்தில் ஜெர்மனியின் ஹைசே தொழில்நுட்பச் செய்தித்தளம் வெளிக்கொண்டுவந்த செய்தியில், பல்லாயிரம் மணிநேரம் ஓடிய சீகேட் டிஸ்க்குகள் புதியவை என்ற பெயரில் கடைகள் வழியே விற்கப்பட்டிருந்தது தெரியவந்தது. அவற்றைக் காட்டிக்கொடுத்தது ‘ஃபார்ம்’ என்று அந்நிறுவனம் டிஸ்க்குக்குள் தனியாக வைத்திருக்கும் மற்றொரு பதிவு. ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற மென்பொருளின் 7.4 பதிப்பிலிருந்து அதைப் படிக்க முடிகிறது. நான் பழைய சீகேட் டிஸ்க் வாங்கும்போது இரண்டு பதிவிலும் உள்ள மணிநேரத்தை ஒப்பிட்டுப் பார்க்கிறேன். பெரிய வேறுபாடு இருந்தால் வாங்குவதில்லை.

மறுமொழி

தொடங்கிவைத்தவன் மீண்டும் எழுதுகிறேன். கிராபிக்ஸ் கார்டு பற்றி எழுதிய நண்பருக்கு மிகுந்த நன்றி. எண்ணும் உருவமும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும் என்பதை ஏற்கிறேன். மதர்போர்டோடு பிணைந்த சில்லுகளுக்கு எண் போதும், தனியாகக் கழற்றி விற்கத்தக்க பாகங்களுக்குப் போதாது என்பது என் இப்போதைய நிலை.

சிலர் தனிச்செய்தியில் டெல் லாட்டிடியூடில் ‘எஸ்எம்ஓ8800’ என்றும், எச்பி மடிக்கணினிகளில் ‘எச்பிகியூ0004’ என்றும் மிஞ்சும் வரிகளைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். இரண்டும் கணினி கீழே விழுவதை உணரும் சில்லுகள். விழும் கணத்தில் சுழலும் டிஸ்க்கின் தலைமுனையை ஒதுக்கிவைப்பதற்காக வைக்கப்பட்டவை. சுழலும் பாகமில்லாத எஸ்எஸ்டி பொருத்திவிட்டீர்களானால் அந்த டிரைவர் இல்லாமலே கணினி நன்றாக இயங்கும். சுழலும் டிஸ்க்கையே வைத்துச் சிறுவர்களிடம் கொடுப்பதாக இருந்தால் அவசியம் நிறுவுங்கள்.

பணம் கொடுக்குமுன் சரிபார்க்க விரும்புவோர் லினக்ஸ் மின்ட் ஏற்றிய யுஎஸ்பி ஒன்றைக் கையோடு கொண்டுசெல்லலாம். எதையும் நிறுவாமல் அதிலிருந்தே கணினியைத் தொடங்கி, கட்டளைகளைத் தட்டச்சும் டெர்மினல் சாளரத்தில் ‘எல்எஸ்பிசிஐ’ கட்டளையை ‘-என்என்’ என்ற தெரிவுடன் கொடுத்தால், பிசிஐ வழியாக இணைந்த ஒவ்வொரு பாகமும் பெயரோடும் எண்ணோடும் வரிசையாக வரும். யுஎஸ்பி வழியாக இணைந்தவற்றுக்கு ‘எல்எஸ்யுஎஸ்பி’. நேர்மையான விற்பனையாளர் இதற்கு மறுப்புச் சொல்வதில்லை. அந்தப் பட்டியலை ஒரு கோப்பாகச் சேமித்து, கணினியைப் பெறும் நூலகரிடம் அச்சிட்டும் கொடுத்துவிடுகிறேன். பின்னாளில் விண்டோஸை மறுபடி நிறுவ நேர்ந்தால், எந்த டிரைவர் தேவை என்பதை அவரே அதிலிருந்து பார்த்துக்கொள்ளலாம்.