அண்ணாவியாரின் நேர்காணல்: குறைந்த செலவில் ஒளியமைப்பு எப்படி?

கேள்வி (களுவாஞ்சிக்குடி)

வணக்கம். கூத்துப் பழக்கும் ஆசானான எங்கள் ஊர் அண்ணாவியார் ஒருவரின் வடமோடிக் கூத்து அனுபவங்களை அவருடைய வீட்டு விறாந்தையறையிலேயே காணொளியாகப் பதிவு செய்ய விரும்புகிறேன். சுவர் கடும்பச்சை, கூரையில் ஒரேயொரு எல்ஈடி குழாய்விளக்கு. ஒத்திகையில் அவருடைய கண்கள் நிழலுக்குள் போய்விடுகின்றன, முகத்தில் பச்சை படிகிறது, ஆளும் சுவரும் ஒட்டிக்கொண்டவை போலத் தெரிகின்றன. போதாக்குறைக்குத் திரையில் கருங்கோடுகளும் ஓடுகின்றன. என்னிடம் இருப்பவை கைத்தொலைபேசியும் முக்காலியும் மட்டுமே. வளைய விளக்கு ஒன்று வாங்கினால் போதுமா?

பதில் 1 (கல்லடி)

தம்பி, அதை வாங்க வேண்டாம். முகத்துக்கு நேரெதிரே நிற்கும் ஒளி முகத்தின் மேடுபள்ளங்களை அழித்துவிடும்; அவர் மூக்குக்கண்ணாடி அணிபவராயின் இரு வில்லைகளிலும் வெள்ளை வளையம் விழும். முதல் வேலையாகக் கதிரையைச் சுவரிலிருந்து ஆறேழு அடி முன்னே இழுத்துப் போடுங்கள். சுவரில் பட்டுத் திரும்பும் பச்சையும் ஒட்டிக்கொண்ட தோற்றமும் அதிலேயே பெரிதும் குறையும். கண்ணுக்கு நிழல் தருவது மேலிருந்து விழும் ஒளி என்பதால் குழாய்விளக்கை அணைத்துவிட்டு, யன்னலை அவருக்குப் பக்கவாட்டில் வைத்து, வெயில் நேரே அடித்தால் வெள்ளை வேட்டியொன்றைத் தொங்கவிடுங்கள். மறுபக்கக் கன்னம் மிகவும் இருண்டால், காட்சிச் சட்டகத்துக்கு வெளியே ஒரு ரெஜிபோம் (வெள்ளை நுரைப்) பலகையை நிறுத்தினால் போதும், அது ஒளியைத் திருப்பியனுப்பும்.

பதில் 2 (அக்கரைப்பற்று)

கருங்கோடுகளுக்குக் காரணம் வேறு. நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் ஆகையால், மலிவான எல்ஈடி விளக்குகள் செக்கனுக்கு 100 தடவை மங்கித் துலங்குகின்றன. ஷட்டரை (ஒவ்வொரு சட்டகமும் ஒளியை வாங்கும் நேரத்தை) 1/50 அல்லது 1/100 செக்கனாகவும், பதிவை செக்கனுக்கு 25 சட்டகங்களாகவும் வைத்தால் கோடுகள் பெரும்பாலும் மறையும். வெண்சமநிலையையும் (ஒளியின் நிறத்துக்கேற்ப நிறங்களைச் சரிசெய்யும் அமைப்பையும்) தானியங்கியில் விடாமல் பூட்டிவிடுங்கள். இல்லையேல் அவர் கையசைக்கும்போதெல்லாம் நிறம் மாறும்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. ஆனால் அவருக்கு இரவில்தான் ஓய்வு.

பதில் 3 (மருதமுனை)

அப்படியானால் வெள்ளை எல்ஈடி மின்குமிழ் ஒன்றை அவருடைய தலைக்குச் சற்று மேலே, பக்கவாட்டில், அதே வேட்டிக்குப் பின்னால் வையுங்கள். குமிழைத் துணியோடு ஒட்டி வைத்தால் நடுவில் ஒரு பொட்டுத்தான் ஒளிரும். இரண்டடி தள்ளினால் துணி முழுவதும் ஒளிர்ந்து நிழலின் விளிம்பு மென்மையாகும். ஒளி முகத்திலிருந்து 1 மீற்றரிலும் சுவரிலிருந்து 3 மீற்றரிலும் இருந்தால், முகத்தில் விழுவதில் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்குதான் சுவரைச் சேரும். அதற்காகப் பின்புலத்தை முழுக் கறுப்பாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அண்ணாவியாரின் வீடல்லவா, அவருடைய மத்தளத்தைப் பின்னால் வைத்து, அதன் மறைவில் சிறிய மஞ்சள் குமிழொன்றை எரியவிடுங்கள். குமிழ் மட்டும் சட்டகத்துக்குள் தெரியக்கூடாது.