உள்நாட்டு அளிப்பு + வெளிநாட்டு அளிப்பு: சேர்ந்த வளைகோட்டுக்கு என்ன சொல்?

நண்பர்களே, வெள்ளிக்கிழமைக்குள் ஒரு பொருளியல் பாடத்தை மொழிபெயர்த்துத் தரவேண்டும், ஒரு சொல்லில் சிக்கிக்கொண்டேன். ஒரே பண்டம். விலை 10 என்றால் உள்நாட்டார் 40 மூட்டை தருவார்கள், வெளியிலிருந்து ஒன்றும் வராது. விலை 20 ஆனால் உள்நாட்டார் 60, வெளியார் 30, ஆக 90. விலையைச் செங்குத்து அச்சிலும் அளவைக் கிடை அச்சிலும் வைத்து இந்த மொத்தத்தை வரைந்தால், வெளியார் நுழையும் விலையில் கோடு சட்டென்று மடங்கிச் சாயும். இந்தக் கோட்டுக்கு 'மொத்த அளிப்பு' என்று எழுதினேன், ஆனால் பேரியல் பொருளியலில் அதற்கு நாட்டின் எல்லாப் பண்டங்களும் சேர்ந்த அளிப்பு என்று வேறு பொருள் இருக்கிறதே.

---
'கூட்டு அளிப்பு' போடுங்கள், வேலை முடிந்தது.

---
முடியவில்லை ஐயா. ஓர் ஆட்டிலிருந்து கறியும் கம்பளியும் சேர்ந்தே வருகிறதே, அதற்குத்தான் கூட்டு அளிப்பு. 'தொகை அளிப்பு' என்பேன். தொகு, தொகை, எட்டுத்தொகை. உள்நாடும் வெளிநாடும் சேர்வது உம்மைத்தொகையேதான்!

---
உம்மைத்தொகையில் 'உம்' தொக்கு நிற்கிறது, அதாவது மறைந்து நிற்கிறது. அப்படியென்றால் தொகை அளிப்பு என்ன, கடத்தல் சரக்கா? (தொகை என்பது மறைவதா ஒட்டுவதா என்பதில் உரையாசிரியர்களே இரண்டு கட்சி, தெரியும்.) அதை விடுங்கள், 'தொகை அளிப்பு' என்றால் யாரோ பணம் பட்டுவாடா செய்வதுபோல்தான் காதில் விழுகிறது.

---
அளி என்றால் அருள். விற்பவன் அருளவா செய்கிறான்? இலங்கையில் நாங்கள் தேவையைக் கேள்வி, அளிப்பை நிரம்பல், வளைகோட்டை வளையி என்றுதான் படித்தோம். 'மொத்த நிரம்பல் வளையி' என்று எழுதினால் என்ன குறை?

---
'கேள்வி' என்று எழுதினால் இங்கே பையன்கள் விடை எழுத ஆரம்பித்துவிடுவார்கள், அண்ணா.

---
வகுப்பு எடுப்பவள் என்ற முறையில் சொல்கிறேன், சிக்கல் பெயரில் இல்லை. மாணவர்கள் இரண்டு கோடுகளையும் செங்குத்தாகக் கூட்டிவிடுகிறார்கள், அளவைக் கூட்டச் சொன்னால் விலையைக் கூட்டி வைக்கிறார்கள். உலக விலையை அசைக்க முடியாத சிறிய நாடாக இருந்தால் வெளிநாட்டு அளிப்பு உலக விலையில் படுத்தே கிடக்கும், கூட்டி வரும் கோடும் அந்த விலையைத் தாண்டி ஏறாது, செங்குத்தாகக் கூட்டுகிற பிள்ளைக்கு இது எப்படிப் புரியும்? அதனால் பெயரிலேயே 'கிடை' வரட்டும்: 'கிடைக்கூட்டு அளிப்பு'.

---
ஆட்டுக்கிடையா? சுற்றிச் சுற்றி ஆட்டிடமே வந்துவிட்டோம்.

---
எல்லாருக்கும் நன்றி. மூன்று பேர் 'மொத்த'மே போதும் என்று தனிமடலில் எழுதிவிட்டார்கள். 'உள்-வெளி மொத்த அளிப்பு' என்று போட்டு, அடிக்குறிப்பில் கிடைமட்டமாகக் கூட்டவேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நிரம்பல் அடைப்புக்குறிக்குள் இருக்கிறது.

---
அடைப்புக்குறிக்குள் போட்டதை நான் ஏற்கவில்லை, பதிவுக்காகச் சொல்லிவைக்கிறேன்.

---
அது இருக்கட்டும், உள்-வெளிக்கு நடுவில் எதற்கு அந்தச் சிறுகோடு? உம்மைத்தொகைதானே?