பல் இம்ப்ளான்ட்: "பயோஆக்டிவ் கோட்டிங்" என்று 17,000 ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

வைகைக்கரை:
அம்மாவுக்கு 61 வயது. சர்க்கரை உண்டு, மாத்திரையில் ஓடுகிறது. கீழ்த்தாடைக் கடைவாய்ப்பல் ஒன்றை எடுத்தாகிவிட்டது, அந்த இடத்தில் இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் இறக்கும் உலோக ஸ்க்ரூ, அதன் மேல் செயற்கைப்பல்) வைக்கலாம் என்கிறார்கள். மதுரையில் இரண்டு கிளினிக்கில் கேட்டோம். முதல் இடத்தில் 28,000. சாதாரண டைட்டானியம், மூன்று மாதம் கழித்துப் பல் மாட்டுவார்களாம். இரண்டாவது இடத்தில் 45,000. எலும்பைத் தானே இழுத்துப் பிடிக்கும் பயோஆக்டிவ் கோட்டிங் இருக்கிறது, ஒன்றரை மாதத்தில் மாட்டிவிடலாம் என்று வழவழ பிரசுரம் ஒன்றையும் கொடுத்தார்கள். அதில் எலும்பும் ஸ்க்ரூவும் கைகோத்துக்கொண்டு நிற்கின்றன. மற்றபடி என்ன பூசியிருக்கிறார்கள் என்று ஒரு வரி இல்லை. இந்தக் கோட்டிங் உண்மையிலேயே வேலை செய்கிறதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய மெட்டலர்ஜி:
தம்பி, நான் டாக்டர் இல்லை. பெங்களூரில் பிளாஸ்மா ஸ்ப்ரே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். டர்பைன் பாகங்களுக்குத்தான் பெரும்பாலும் பூசுவோம், இடையிடையே இடுப்பு மூட்டு மாற்றத்தில் தொடை எலும்புக்குள் இறக்கும் உலோகத் தண்டுகளும் வரும். அந்தப் பக்கத்திலிருந்து தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில், கோட்டிங்கே இல்லாத வெறும் டைட்டானியத்தோடும் எலும்பு சேரும். ஸ்வீடனில் பிரோனமார்க் என்ற ஆராய்ச்சியாளர் 1952 வாக்கில் முயல் எலும்புக்குள் டைட்டானியக் கூடு வைத்து ரத்த ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆராய்ச்சி முடிந்து கழற்றப் போனால் வரவில்லை, எலும்பு இறுகப் பிடித்திருந்தது. 1965இல் அவரிடம் முதலில் இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டவர் அதோடு நாற்பது வருடம் வாழ்ந்தார். அது லேத்தில் கடைந்த வழவழப்பான ஸ்க்ரூ. ஒரே சிக்கல் காத்திருப்பு: கீழ்த்தாடைக்கு மூன்று மாதம், மேல்தாடைக்கு ஆறு மாதம்.

இதைக் குறைக்க எண்பதுகளில் ஹைட்ராக்ஸிஅபடைட் பூச ஆரம்பித்தார்கள். நம் எலும்பில் இருக்கிற கால்சியம் பாஸ்பேட்டின் நெருங்கிய சொந்தம் அது. பொடியை பிளாஸ்மா சுடரில் ஊதி உலோகத்தின் மேல் அடிப்பது. சுடரின் நடுவில் 10,000 டிகிரிக்கு மேல். பொடி அதைக் கடக்கிற கண்ணிமைப்பில் மேல்பக்கம் உருகி, கொஞ்சம் சிதைந்தும் போகும். உலோகத்தில் பட்டதும் சட்டென்று குளிர்வதால் ஒரு பகுதி படிகமாகாமல் கண்ணாடி போல உறைந்துவிடும். அந்தப் பகுதி உடம்பில் சீக்கிரம் கரையும், நன்றாகப் படிகமானது மெதுவாகக் கரையும். எங்கள் தலைவலியே இந்த விகிதம்தான். ஒட்டும் வலுவையும் சோதிப்போம். பூசிய வட்டில் பிசின் போட்டு இன்னொரு வட்டை ஒட்டி, இழுவை எந்திரத்தில் மாட்டிப் பிய்ப்பது. ஐ.எஸ்.ஓ. என்ற சர்வதேசத் தரவிதி கேட்டது குறைந்தது 15 மெகாபாஸ்கல். 25 மி.மீ. விட்ட வட்டு என்றால் முக்கால் டன் இழுப்பைத் தாங்க வேண்டும். தேறாத தொகுதியைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி பூசுவோம், வேறு வழியில்லை.

இடுப்பில் இது நன்றாக ஓடுகிறது. லண்டனில் ஃபர்லாங் என்ற அறுவை மருத்துவர் 1985இல் முழுக்க ஹைட்ராக்ஸிஅபடைட் பூசிய தண்டை வைத்தார், அந்த வகை இன்றும் வைக்கப்படுகிறது. வாய் வேறு கதை. இடுப்புத் தண்டு எலும்புக்குள் மூடிக் கிடக்கும். பல் இம்ப்ளான்டின் கழுத்தோ ஈறைத் தாண்டி எச்சிலும் பாக்டீரியாவும் இருக்கிற இடத்துக்கு வருகிறது. ஈறு கொஞ்சம் இறங்கினால் பூச்சு வெளியே தெரியும், அழுக்கு சேரும், அமிலத்தில் கரையும், உரியும். அதோடு ஸ்க்ரூவை முறுக்கி இறக்கும்போது பூச்சின் மேல் விழுகிற வெட்டு விசையும் உண்டு. இப்படிப் புகார்கள் வந்து, பல் துறையில் அந்தத் தடிப் பூச்சு பெரும்பாலும் ஒதுங்கிவிட்டது.

அதன் இடத்தைப் பிடித்தது சொரசொரப்பு. அலுமினா மணலை வேகமாக அடித்து, பிறகு சூடான அமிலத்தில் முக்கி எடுப்பார்கள். சுவரைக் கொத்திவிட்டுப் பூசினால் காரை நிற்கிற மாதிரி. குழிகள் 1 முதல் 2 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவில் இருக்கும். முதலில் ரத்தக் கட்டியின் நார்கள் அதில் பிடிக்கும், அந்த நார் வழியாக எலும்புச் செல்கள் உலோகம் வரை நடந்து வந்து அங்கேயே எலும்பு போடும். எஸ்.எல்.ஏ. என்று கேட்டிருப்பீர்கள், அது இதுதான். இதில் உரிந்துபோக எதுவும் இல்லை, மேற்பரப்பே டைட்டானியம். இது வந்தபிறகு நல்ல எலும்பில் ஆறு வாரம் போதும் என்று ஆனது. ஆகவே உங்களுக்குச் சொன்ன ஒன்றரை மாதத்துக்குப் பூச்சு தேவையே இல்லை! முதல் கிளினிக் வைப்பதும் அநேகமாக இதே ரகம்தான், அவர்கள் நிதானமாக இருக்கிறார்கள், அவ்வளவே.

பயோகிளாஸ் என்றும் சிலர் சொல்வார்கள். ஃபுளோரிடாவில் லாரி ஹென்ச் 1969இல் செய்த கண்ணாடி, எலும்போடு வேதிப் பிணைப்பே ஏற்படுத்தும். அருமையான பொருள். ஆனால் டைட்டானியத்தை விட அதிகமாகச் சூட்டில் விரியும், அதனால் அதன் மேல் பூசிக் குளிரவைத்தால் விரிசல் விடும். குழியை நிரப்பும் துகளாகத்தான் அதற்கு நல்ல வேலை.

பல்லும்_சொல்லும்:
நான் பல் டாக்டர், செயற்கைப்பல் பிரிவு. சார் சொன்னதோடு இரண்டு சேர்க்கிறேன். கூடுதல் விலை சில சமயம் நியாயமானதுதான். அமிலத்தில் முக்கி எடுத்த டைட்டானியம் காற்று பட்டால் கார்பன் அழுக்கு ஏறி, தண்ணீர் ஒட்டாமல் உருளும். அதனால் சில நிறுவனங்கள் இம்ப்ளான்டை உப்புநீரில் போட்டு மூடியே அனுப்புகின்றன, ரத்தம் பட்டதும் பரவிவிடும். தொடக்க வாரங்களில் இதனால் வித்தியாசம் உண்டு. வருடங்கள் போனால் நன்றாகச் செய்த இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

அப்புறம், அம்மாவின் சர்க்கரை. மூன்று மாதச் சராசரி எவ்வளவு? அது கட்டுக்குள் இல்லாவிட்டால் எந்த மேற்பரப்பும் காப்பாற்றாது. ஈறு நோய் இருந்தால் அதை முதலில் சரிசெய்யச் சொல்லுங்கள். சொரசொரப்பு எலும்புக்கு நல்லது, வெளியே வந்துவிட்டால் கிருமிக்கும் நல்லது. டப்பாவோடு வரும் ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கி வையுங்கள். நிறுவனம், அளவு, தொகுதி எண் எல்லாம் அதில் இருக்கும். ஐந்து வருடம் கழித்து உள்ளே ஒரு ஸ்க்ரூ தளர்ந்தால் எந்தச் சாவி போடுவது என்று தெரிய அதுதான் வழி.

வைகைக்கரை:
ரொம்ப நன்றி சார், நன்றி டாக்டர். சராசரி 8.1. இரண்டாவது கிளினிக்குக்கு போன் போட்டு என்ன பூச்சு என்று கேட்டேன். "நானோ" என்றார்கள். என்ன நானோ என்றதற்குக் கம்பெனியில் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். முதல் இடத்தில் மாடலின் பெயரையே சொல்லிவிட்டார்கள், மணல் அடித்து அமிலத்தில் முக்கியதுதான். அங்கேயே போகிறோம், சர்க்கரை இறங்கிய பிறகு.

இன்னொன்று. மாமனாருக்கு 78 வயது, இடுப்பு எலும்பு உடைந்து தண்டு வைக்கப் போகிறார்கள். அந்த டாக்டர் சிமென்ட் போட்டு வைக்கலாம் என்கிறார். சார் சொன்ன ஹைட்ராக்ஸிஅபடைட்டைக் கேட்டு வாங்கலாமா?

பழைய மெட்டலர்ஜி:
வேண்டாம் தம்பி, டாக்டர் சொல்வதையே கேளுங்கள். பூசிய தண்டை இறுக்கமாக அடித்து இறக்க வேண்டும், பிடிக்கிற வேலையை அவர் எலும்புதான் செய்ய வேண்டும். அந்த வயதில், முறிவோடு வருகிற மெலிந்த எலும்பு அடிக்கும்போதே கீறலாம். சிமென்ட் போட்டால் அன்றைக்கே பிடிப்பு வந்துவிடும், சீக்கிரம் ஊன்றி நடக்கவிடுவார்கள். பெயர்தான் சிமென்ட், உள்ளது அக்ரிலிக். மான்செஸ்டர் பல் பள்ளிக்காரர் ஒருவரின் யோசனையில்தான் சார்ன்லி என்ற எலும்பு அறுவை மருத்துவர் அதை இடுப்புக்குக் கொண்டுபோனார். உங்கள் வீட்டில் யாராவது கழற்றி மாட்டும் பல்செட் வைத்திருந்தால், அதன் இளஞ்சிவப்பு அடித்தளமும் அதே இனம்தான்.